மைதானத்தை விட்டுப் போகாதவர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நட்டஈடு கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்டரி மனேஜர், ஆங்கிலத்தையும் தமிழையும் மாற்றிச் சொல்ல ரெக்ஸ்டேலிலிருந்து பஸ் மாறி மாறி வந்த அன்ரி, என் அண்ணன், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு அண்ணனுக்குப் பக்கத்தில் நான், பிறகு அவர். வேறு ஒருவரும் இல்லை. கதவை மனேஜர்தான் சாத்தினார்.

எண்பத்தேழாம் ஆண்டு, பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த காலம். விசாரணை அண்ணனின் வலது முழங்காலைப் பற்றியது. அது வேலை செய்யும்போது பழுதானதா, இல்லையா. வேலையில்தான் என்று அந்தப் பெண்மணி எழுதினால், அண்ணன் படுக்கையில் கிடக்கும் மாதங்களுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கு வரும். வாடகை கட்டலாம். அதைவிட முக்கியம், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மகளை வைத்துக்கொண்டு காத்திருந்த அண்ணியைக் கனடாவுக்குக் கூப்பிட, இங்கே இவருக்கு வருமானம் இருக்கிறது என்று காட்டலாம். வேலையில் இல்லை என்று எழுதினால் ஒன்றும் இல்லை. அண்ணன் விழுந்ததைக் கண்ட ஒரே மனிதர் அவர்.

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் பாசம்தான் வருகிறது. அதற்குப் பிறகு வயிறு எரியும்.

ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் கதவு செய்யும் பக்டரி அது. கதவென்றால் லேசான கதவில்லை, ஓக் மரத்தில் செய்து, பெரிய வீடுகளுக்கும் வங்கிகளுக்கும் போகும் கதவுகள். ஒரு கதவை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து லொறியில் ஏற்ற வேண்டும். அந்த ஏற்றுகிற பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. நான் உள்ளே பிணைச்சலும் பிடியும் பெட்டியில் போடும் இடத்தில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது.

ஆள் நல்ல உயரம். கழுத்து அடிமரம் மாதிரி. மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும். இடது காது மடிந்து காய்ந்த இலை போல ஒட்டிக் கிடக்கும். படியிறங்கும்போது நேராக இறங்க மாட்டார், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவார். முதல் நாள் என்னை "லவ்" என்று கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லி அழுதேன், இனி அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தாள் எல்லாப் பொம்பிளையளையும் அப்பிடித்தான் கூப்பிடுறது. கன்ரீனிலை நிக்கிற கிழவியையும் லவ் எண்டுதான் கூப்பிடுறது. நீ பெரிய ரம்பை எண்டு நினைச்சுப்போட்டாய் போலை."

அவர் ஒஸ்ரேலியர். அந்த நாட்டில் விளையாடும் ஒருவகை உதைபந்தை மெல்பேர்ணில் ஒரு பெரிய கிளப்புக்கு, சம்பளத்துக்கு, ஒன்பது பருவம் விளையாடியவர். அவர் பேசும் ஆங்கிலம் மூக்கால் வரும். கனடாக்காரருக்கே பாதி விளங்காது. அண்ணனுக்கு விளங்கும். அண்ணன் எனக்குச் சொன்ன தமிழிலேயே அவர் பேச்சை எழுதுகிறேன்.

அவருடைய காற்சட்டைப் பின்பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பட்டிச் சுருள் இருக்கும். காயத்துக்கு மேல் இறுக்கி ஒட்டுகிற பட்டி. எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் பட்டிக்காரர். முகத்துக்கு முன்னால், எங்களுக்கு மேலாள் என்பதால், போஸ் என்போம். யாராவது கையை உதறினால் போதும், கணுக்காலைத் தடவினால் போதும், அவர் கண்ணில் பட்டுவிடும். இருத்தி வைத்து, மயிரை ரேசரால் வழித்து, பட்டியைப் பல்லால் கிழித்துச் சுற்றுவார். அவ்வளவு பெரிய விரல்கள் அப்படி மெதுவாக நகருவதை நான் வேறு எந்த ஆம்பிளையிடமும் கண்டதில்லை. சுற்றி முடித்ததும் ஒரு தட்டு. "சரிதானே?" என்று கேட்பார். அதற்கு ஒரு பதில்தான் உண்டு. வேறு பதில் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை.

மல்வேர்னிலிருந்து வேலைக்கு வரும் தவம் அண்ணை சொல்லுவார், "தங்கச்சி, உந்த மனிசன் செத்தவீட்டுக்குப் போனாலும் பிரேதத்துக்குப் பட்டி சுத்திப்போட்டு, எழும்படா ஷிப்ற் தொடங்கப் போகுது எண்டு சொல்லும்."

எனக்கும் ஒருமுறை மணிக்கட்டில் சுற்றினார். அந்தக் கிழமை முழுக்க நோவே தெரியவில்லை. நான் வழமையைவிடக் கூடுதலாகப் பெட்டி நிரப்பினேன், சூப்பர்வைசர் பெண் மெச்சினாள். சனிக்கிழமை பட்டியைக் கழற்றினால், கை முன்னைவிட இரண்டு பங்கு வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கை போய்விட்டது என்றே நினைத்தேன். எனக்கு எதற்கும் அப்படித்தான், தொலைபேசி அடித்தாலே யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பேன். அதனால் என் பயத்தை வீட்டில் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. "உனக்கு வீங்கினது கையில்லை, மூளை," என்றார் அண்ணன்.

சாப்பாட்டு நேரத்தில் தன் விளையாட்டை எங்களுக்கு விளக்குவார். பணிஸ் ரொட்டி ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் அமுக்கி, இதுதான் பந்து, முட்டை மாதிரி என்பார். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். நாலு கம்பம். நடு இரண்டுக்குள்ளால் அடித்தால் ஆறு, ஓரத்தால் போனால் ஒன்று. ஊரில் கரப்பந்து விளையாடிப் பெயரெடுத்த அண்ணன் குறுக்கே கேட்பார்.

"கோல் கீப்பர் எங்கை, போஸ்?"

"இல்லை."

"ஒருத்தன் அடிச்சால் றெஃபறி வெளியிலை போட மாட்டாரோ?"

"மாட்டார். ஆனால் நீயாப் போனால் போனதுதான். என்ரை காலத்திலை மைதானத்தை விட்டு ஒருத்தன் வெளியிலை போனால், அண்டைக்குத் திரும்பி வர ஏலாது. உன்ரை இடத்திலை வேறை ஒருத்தன் இறங்குவான். அவன் நல்லா விளையாடினான் எண்டால் அடுத்த கிழமையும் அவன்தான். விளையாடின கிழமைக்குத்தான் எனக்குக் காசு."

அதனால் அவர் போனதில்லை. அதுதான் அவர் கதை முழுவதும். விரல் முறிந்து பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி விளையாடினார். விலா வெடித்து, மூச்சை மேலோட்டமாக எடுத்துக்கொண்டு விளையாடினார். பதினேழு வயதில் மாட்டுப் பண்ணையிலிருந்து கிளப் ஆட்கள் காரில் கூட்டிக்கொண்டு போனதும், சனங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியதும், சுவிங்கம் பெட்டிக்குள் அவர் படம் போட்ட அட்டை வந்ததும் எல்லாம் இடையிடையே வரும். ஆனால் கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஏதாவது ஒரு எலும்பில்தான் போய் நிற்கும். ரொறன்ரோவில் அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கனடா நேர்ஸ் ஒருத்தியைக் கட்டி அவள் பின்னால் வந்தவர். அவள் விட்டுப் போய்விட்டாள். அவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று தவம் அண்ணை கேட்டதற்கு, "இங்கை பஸ்ஸிலை ஒருத்தனும் என்னைப் பார்க்க மாட்டான்," என்றார். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை.

அவர் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தான் ஒருவன், பந்து எங்கேயோ இருக்கும்போது, முழங்கையால் இவர் தாடையை உடைத்துவிட்டான். அடுத்த கிழமை விசாரணை. மேசைக்குப் பின்னால் கோட் போட்ட மூன்று பேர். இவர் வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அடித்தவன் பக்கத்துக் கதிரையில். உன் தாடை எப்படி உடைந்தது என்று கேட்கிறார்கள்.

"என்ன சொன்னனீங்கள்?" என்றார் அண்ணன்.

பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பி கட்டிய வாயால் பேசுவது போலவே செய்து காட்டினார். "நான் தடக்கி விழுந்தனான், சேர்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அடித்தவன் அன்றைக்கு மாலை இவருக்கு ஸ்ட்ரோ போட்டு பியர் வாங்கிக் கொடுத்தானாம். கோட் போட்டவர்களிடம் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, அடிபட்டவன்கூடச் சொல்வதில்லை. அது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

இன்னொன்று அவர் சிரிக்காமல் சொன்னது. அதை அண்ணனுக்கு மட்டும்தான் சொன்னார். மரம் அறுக்கும் மெஷின் விற்க ஒஸ்ரேலியாவிலிருந்து வந்த ஒருவன் பக்டரியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு போனவன், இவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். பெயரைச் சொன்னான். இவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது என்று அண்ணன் சொன்னார். அடுத்த வசனத்திலேயே அது போய்விட்டது.

"நீதானே எங்கடை கிளப்பைத் தோற்க வைச்சவன்! கம்பத்துக்கு முன்னாலை நிண்டுகொண்டு ஒண்டுக்கு அடிச்ச நாய் நீதானே! என்ரை அப்பன் சாகும்வரைக்கும் உன்னைத் திட்டினவர்."

"அண்டைக்கு எனக்குச் சரியில்லை," என்றார் இவர். அவ்வளவுதான். கையைக் குலுக்கிவிட்டு அவன் போனான்.

பிறகுதான் அண்ணனிடம் சொன்னார். அந்த ஆட்டத்தில் வென்றிருந்தால் கிளப் இறுதிக்குப் போயிருக்கும். அவருடைய பாதத்தில் ஒரு எலும்பு முன்பே வெடித்திருந்தது. கிளப் டொக்டர் விறைக்கிற ஊசி போட்டு, அதற்கு மேல் பட்டி சுற்றி இறக்கினார். கடைசி நிமிஷத்தில் பந்து கைக்கு வந்தது. கம்பம் கிட்டத்தில். ஆறு எடுத்தால் வெற்றி. காலைத் தூக்கி அடித்தார். பந்து காலில் பட்டதே அவருக்குத் தெரியவில்லை. யாரோ இன்னொருவருடைய கால் அடித்தது போல இருந்ததாம். பந்து ஓரத்தால் போயிற்று. அடுத்த பருவம், உன் வேகம் குறைந்துவிட்டது என்று கிளப் அவரை விட்டுவிட்டது. ஊசி விஷயம் டொக்டருக்கும் இவருக்கும் மட்டும் தெரியும்.

"அவனுக்கு இப்ப சொல்லியிருக்கலாமே, போஸ்?"

"ஆட்டம் முடிஞ்சாப் பிறகு சொல்லுறவன் ஆம்பிளையே?" என்றாராம்.

இதைக் கேட்டபோது அண்ணனின் கண்ணில் ஒரு மரியாதையைக் கண்டேன். எனக்கு மரியாதை வரவில்லை. ஒரு ஊரே திட்டியதை இப்படி வாய் பேசாமல் வாங்கி வைத்திருக்கிற மனிதர், பக்கத்தில் நிற்கிறவனையும் அப்படித்தானே வாங்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொன்னேனா என்றால், சொன்னேன். "உனக்கு வேறை வேலையில்லை," என்றார் அண்ணன்.

எண்பத்தாறு மார்கழியில் அண்ணன் விழுந்தார். லொறிக்கும் பக்டரித் தளத்துக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு போட்டிருக்கும், அதில் பனி உறைந்திருந்தது. அண்ணன் கதவின் முன்பக்கத்தைப் பிடித்துப் பின்னுக்கு நடந்து போனவர், கால் வழுக்கி, முழங்கால் உள்பக்கமாகத் திரும்ப, கதவு மேலே விழுந்தது. மற்றப் பக்கம் பிடித்திருந்தது அவர். அவ்வளவு பெரிய கதவைத் தனியே தூக்கி எறிந்துவிட்டு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் குந்தினாராம்.

"எழும்பக் கூடியதா இருக்கோ?"

"ஓம் போஸ்."

"ஒஃபிசுக்குச் சொன்னால் வீட்டை போ எண்டுவாங்கள். நாளைக்கு உன்ரை இடத்திலை வேறை ஒருத்தன் நிப்பான். நீயே சொல்லு. என்ன செய்வம்?"

அண்ணன்தான் வேண்டாம் என்றார். அதை நான் மறைக்கவில்லை. அண்ணியைக் கூப்பிடுகிற அலுவலுக்கு வேலைக் கடிதம் கேட்டிருந்தார்கள், மனேஜர் பிறகு தருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் முறைப்பாடு, காயம் என்று போக அண்ணனுக்குப் பயம். இங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒன்றை எழுதினால் அது எல்லாக் கந்தோருக்கும் போகும், அகதி வழக்குக்கும் போகும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பிய காலம்.

"நல்லவன்," என்றார் அவர். தோளில் தட்டினார். பட்டியை எடுத்தார்.

நான் அதைக் கண்டது வீட்டில், அண்ணன் காற்சட்டை மாற்றும்போது. தொடையின் பாதியிலிருந்து கெண்டை வரைக்கும் வெள்ளை வெளேரென்று.

"என்னண்ணா உது?"

"ஒண்டுமில்லை. வழுக்கினது."

"டொக்டரிட்டைக் காட்டுவம்."

"காட்டினால் எழுதுவினம். எழுதினால் வேலை போகும். பேந்து உன்ரை அண்ணியை என்னெண்டு கூப்பிடுறது? நீ கூப்பிடுவியே?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் உடுப்பு மாற்றும் அறையில் அவர் தரையில் முழங்காலை ஊன்றி, அண்ணனின் காலுக்குப் பட்டி சுற்றினார். அவருடைய முழங்கால்களே போனவை. சுற்றி முடித்து எழும்ப அலுமாரிக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். லொறியில் ஏற்றும்போது பாரமான பக்கத்தை, பின்னுக்கு நடக்கிற பக்கத்தை, தான் எடுத்தார். மனேஜர் வருவது தெரிந்தால் அண்ணனைக் கையில் ஏதாவது காகிதத்தோடு நிற்க வைப்பார். மாசி வரைக்கும் அந்த இரண்டு பேரும் மூன்று பழுதான காலோடு கதவு சுமந்தார்கள். தவம் அண்ணைகூடப் பகிடியை நிறுத்திவிட்டார்.

மாசிக் கடைசியில் ஒருநாள் அண்ணனுக்குப் பஸ்ஸிலிருந்து இறங்க முடியவில்லை. ட்ரைவர் இறங்கி வந்து பிடித்தார். அப்படித்தான் டொக்டரிடம் போனோம். டொக்டர் பட்டியை வெட்டி எடுத்துப் பார்த்து, யார் இதைக் கட்டினது என்று கேட்டார்.

"நல்ல கட்டு," என்றார். "இந்தக் கட்டு இல்லாட்டி நீர் முதல் நாளே படுத்திருப்பீர். அப்ப இதைத் தைச்சு விட்டிருக்கலாம். கட்டினபடியால் நடந்தீர். நடந்தபடியால் இப்ப உள்ளுக்கை எல்லாம் தேய்ஞ்சு போச்சு." சத்திரசிகிச்சை என்றார். இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றார்.

நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தோம். விழுந்த அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றுதான் முதல் கேள்வி. இவர் வீட்டுப் படியில் விழுந்திருக்கலாம், பூங்காவில் கரப்பந்து விளையாடி விழுந்திருக்கலாம் என்று மனேஜர் சொன்னாராம். அண்ணன் வேலையில் வழுக்கினதைக் கண்டவர் யார்? அவர்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். எங்களுடைய அபார்ட்மென்ற் நாலாம் மாடி, லிஃப்ட் பழுது, அவர் பக்கவாட்டில் ஏறி வந்து சேர வெகு நேரம் எடுத்தது. இடியப்பமும் சொதியும் நண்டுக் கறியும். நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிட்டார். சுவரில் இருந்த அண்ணியின் படத்தையும் மருமகளின் படத்தையும் பார்த்து, சின்னவளின் பெயரை இரண்டு தரம் கேட்டு, பிழையாகச் சொன்னார். நான் மனப்பாடம் செய்து வைத்த ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நீங்கள் சொல்ல வேண்டும், அண்ணன் விழுந்தது, நீங்கள் கண்டது.

"நீ யோசியாதை லவ். அவனை நான் விட்டுக்குடுக்க மாட்டன்."

அவர் போன பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. "அண்ணா, இன்னும் விளக்கமாச் சொல்லியிருக்க வேணும். கால் போட்டுது எண்டு அவரே சொன்னால்தான் காசு எண்டு சொல்லுங்கோ."

"அவரும் கால் போன மனிசன். அவருக்கு நாங்கள் கால் நோவைப் பற்றிப் படிப்பிக்கிறதோ?"

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். அவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கழுத்துக்கு டை பொருந்தவில்லை. கைகளை முழங்கால்களில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைக்குப் பின்னால் அந்தப் பெண்மணி, அவருக்குப் பக்கத்தில் மனேஜர். பட்டிக்காரர் மனேஜரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவர் முகத்தில் எல்லாம் மூடிக்கொண்டதை நான் கண்டேன். ரெக்ஸ்டேல் அன்ரி எனக்கும் அண்ணனுக்கும் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இவர் விழுந்ததைக் கண்டீர்களா என்று பெண்மணி கேட்டார்.

"விழுந்ததோ? பனியிலை எல்லாரும்தான் வழுக்கிறது. இவன் எழும்பி நிண்டு மிச்சக் கதவெல்லாம் ஏத்தினவன்."

இவருக்குக் காயம் ஏற்பட்டதா?

"இவனுக்கோ?" சிரித்தார். "மிஸ், நான் வாழ்க்கையிலை நூறு பேரோடை விளையாடியிருக்கிறன். இவனை மாதிரி ஒருத்தனைக் காணேல்லை. ஒரு நாள் லீவு எடுக்கேல்லை. ஒரு நாள் முகம் சுழிக்கேல்லை. பனிக்காலம் முழுக்க நிண்டவன்."

அன்ரியின் குரல் இறங்கிவிட்டது. என் பக்கம் குனிந்து, "என்ன பிள்ளை, உவர் ஆரின்ரை பக்கம்?" என்று கேட்டார்.

காலுக்குப் பட்டி சுற்றினீர்கள் என்று இவர் சொல்கிறாரே, அது எதற்கு?

"நான் எல்லாருக்கும் சுத்துவன்." அவர் தன் காற்சட்டைக் காலை உருட்டி மேலே தூக்கினார். வெள்ளைப் பட்டி. "என்ரை காலையும் பாருங்கோ. இதுவும் காயமில்லை. நோ வராமல் இருக்கச் சுத்துறது."

மனேஜர் தலையாட்டினார். உண்மைதான், பெட்டியடிக்கிற பெண்களுக்குக்கூட இவர் சுற்றுவார் என்றார். பெண்மணி எழுதினார்.

நான் எழும்பிவிட்டேன். என்ன சொல்ல எழும்பினேன் என்று தெரியாது, ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை. என் கையில் அவர் சுற்றிய பட்டியும், கழற்றியபோது இருந்த வீக்கமும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "இரு." இருந்தேன். விழுந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அண்ணனிடம் கேட்டார்கள். அண்ணன் அவரைப் பார்த்தார். அவர் அண்ணனைப் பார்த்து ஒரு சின்னத் தலையாட்டல். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவர் அண்ணனின் தோளில் கையைப் போட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"என்னட்டையிருந்து அவங்களை ஒரு சொல்லும் எடுக்க விடேல்லை, பாத்தியோ? மனேஜர் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். உன்ரை கால் போட்டுது எண்டு நான் சொன்னால் உன்னைத் திரும்ப எடுப்பானே? இப்ப உன்ரை இடம் உனக்குத்தான்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தாங்க் யூ, போஸ்," என்றார்.

"என்னண்ணா தாங்க் யூ? என்னத்துக்குத் தாங்க் யூ?" நான் தமிழில் கத்தினேன். "இவர் எங்களைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை தள்ளிப்போட்டு நிக்கிறார்."

"அவள் என்ன சொல்லுறாள்?" என்று அவர் கேட்டார்.

"பயந்துபோனாள், போஸ்," என்றார் அண்ணன். "அவள் எதுக்கும் பயப்பிடுறவள்."

வேலையில் நடந்த காயம் என்று காட்ட ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. அந்த அறையில் சொல்லப்பட்டதைக் கேட்டால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பக்டரி அண்ணனைத் திரும்ப எடுக்கவும் இல்லை. கால் வெட்டித் தைத்து, மாதக் கணக்கில் கிடந்து, பிறகு நகரத்துக்குள் ஒரு கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுக்கும் வேலை கிடைத்தது. அண்ணியும் மகளும் வந்து இறங்க எண்பத்தொன்பது ஆகிவிட்டது. விமான நிலையத்தில் சின்னவள் தகப்பனைப் பார்த்து, "உவர் ஏன் நொண்டுறார்?" என்று தாயிடம்தான் கேட்டாள்.

அதற்கு முந்தின வருஷமே அவர் போய்விட்டார். படியிறங்க முடியாமல் போனதும் பக்டரி அவருக்கு ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டது. அவருடைய கால்கள் அந்தப் பக்டரியில்தான் முடிந்தன. ஆனால் அவரும் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லையே, யாரிடம் போய் என்னத்தைக் கேட்பார். ஒஸ்ரேலியாவில் தங்கச்சியின் பண்ணைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனின் காலைத் தொட்டுப் பார்த்தார். தழும்பின் மேல் அந்தப் பெரிய விரலை ஓட்டினார்.

"அவங்கள் உன்னை ஒழுங்காப் பாத்தவங்களோ? அந்த விசாரணைக் காசு தந்தவங்களோ?"

நான் குசினி வாசலில் நின்றேன். சொல்லட்டும், இப்போதாவது சொல்லட்டும் என்று நின்றேன்.

"ஓம் போஸ்," என்றார் அண்ணன். "முழுக்கத் தந்தவங்கள்."

"பாத்தியே!" என்று அவர் அண்ணனின் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்தும் கண்ணைச் சிமிட்டினார். "நான் சொன்னனான் தானே, லவ்."

அவர் பக்கவாட்டில் படியிறங்கும் சத்தம் நிற்கும் வரைக்கும் நான் பொறுத்திருந்தேன்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நாளைக்கு பிளேன் ஏறுற மனிசன். சொல்லி என்ன, வரப்போகுதே?"

"அவருக்குத் தெரியவேண்டாமோ அண்ணா, தான் செய்தது என்னெண்டு?"

அண்ணன் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார். "ஆட்டம் முடிஞ்சுது, விடு," என்றார்.

எனக்கு அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. முழுக்கத் தந்தார்கள் என்று அவர் நம்பிக்கொண்டு போன காசை, ரெக்ஸ்டேல் அன்ரி அந்த விசாரணையன்றே பஸ் நிறுத்தத்தில் நின்று, அண்ணனின் சம்பளத்தையும் டொக்டர் சொன்ன மாதங்களையும் வைத்து எனக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார். இன்றுவரை அதில் ஒரு சதம் வரவில்லை. வர வேண்டியது, ஏழாயிரத்து முந்நூற்று இருபது டொலர்.